என் கால்களுக்கு வந்த வியாதி

ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை எனக்குக் கால்களில் பலம் இல்லாமல் இருந்தது. இதை என்னைத் தவிர எல்லாரும் அறிந்திருந்தார்கள். நான் வேலி தாண்டுவேன், கொய்யா மரத்தில் ஏறுவேன், லயத்து நாய்களோடு போட்டி போட்டு ஓடுவேன். ஆனாலும் தோட்டத்து ஆபீசிலிருந்து, ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கடைசி லயம் வரைக்கும் ஒரே பேச்சுத்தான்: பாவம், தபால்காரர் மகளுக்குக் கால் சரியில்லை.

தபால்காரர் என்பது என் அப்பா. இலங்கையில், இரத்தோட்டை என்ற சின்ன டவுனுக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். அவர் முதலில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடை அறையில் வேலை செய்தவர். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறை அது. சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்து தலையைத் தட்டினால் பழுப்பாகத் தூள் உதிரும். புருவத்தில் இருக்கும், காதுமடலில் இருக்கும். நெஞ்சுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது என்பது இருமல் வந்தபிறகுதான் தெரிந்தது. முதலில் அதைக் காசம் என்று பயந்து எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதைச் சிலர் நிறுத்தினார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, காசம் இல்லை, இது ஒட்டாது, ஆனால் இனி இது போகவும் போகாது, இதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். தூள் ஆகாது, புகை ஆகாது, மூச்சு வாங்குகிற வேலை ஆகாது.

பழகிக்கொள்வது என்றால் என்ன என்பதை அம்மாதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையுமாக இருந்த வீடு எங்களுடையது. அடுப்பைத் தூக்கிக் கொல்லைப்புறம் ஒரு தகரச் சாய்ப்புக்குள் வைத்தாள். மழைக்காலத்தில் ஒரு கையில் சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மறு கையால் ரொட்டி திருப்புவாள். வீட்டில் காய்ந்த மிளகாய் வறுப்பது நின்றது. தரையைக் கூட்டுவது போய், ஈரத்துணியால் துடைப்பது வந்தது. அப்பா படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டு, பழைய சாக்குகளை அடைத்துத் தைத்த திண்டில் சாய்ந்தபடியே தூங்கினார். உட்கார்ந்து குளித்தார். சட்டை போடும்போது இரண்டு பொத்தானுக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்வார். பேச்சும் சுருங்கியது. கதை சொன்னால் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் ராஜாவுக்கு என்ன ஆகும் என்று நானும் தம்பியும் எங்கள் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லுவோம். பெரும்பாலும் எங்கள் இஷ்டப்படியே கதை போகும். அது அவருக்கு மிச்சமான மூச்சு என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நன்றாகக் கதை சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஸ்டோருக்குள் இனிப் போகமுடியாது என்று ஆனதும் தோட்டம் அவருக்கு லேசான வேலை ஒன்று கொடுத்தது. அதுதான் தபால். காலையில் பையோடு இரத்தோட்டைத் தபாற்கந்தோருக்கு இறங்க வேண்டும். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வரும் தபாலை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குள் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். பையில் கனம் இருக்காது. உட்கார்ந்து இருமுகிறவருக்கு அதைவிடச் சுகமான வேலை ஏது என்று தோட்டத்தை நிர்வகித்த துரை நினைத்திருக்கலாம். துரை அந்த ரோட்டில் ஜீப்பில் மட்டுமே போய்வருகிறவர். போக இரண்டு மைல் இறக்கம். வர இரண்டு மைல் ஏற்றம்.

நான் இரத்தோட்டையில் பள்ளிக்கூடம் போனேன். காலையில் அப்பாவோடு இறங்குவேன். ஒரு மணிக்கு எங்கள் வகுப்பு விட்டதும் அவரோடு ஏறுவேன். மற்றப் பிள்ளைகள் குறுக்குப் பாதையில் கத்திக்கொண்டு ஓடிவிடுவார்கள். நாங்கள் ரோட்டோடு போவோம். முதல் வளைவில் ஒரு மதகு. அங்கே அப்பா நிற்பார்.

"கால் வலிக்குதா பாப்பா?"

இல்லை என்பேன்.

"வலிக்கும். உக்காரு."

நான் உட்காருவேன். அவரும் பக்கத்தில் உட்காருவார். கைகள் இரண்டையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து, அவிந்த அடுப்பை ஊதுவதுபோல மெதுவாக ஊதுவார். பிறகு எழுந்து நடப்போம். அடுத்தது கராம்பு மரம், அதற்கடுத்தது ஒரு பாறை, அப்புறம் சிங்கள முதலாளியின் கடை. அவர் எங்களுக்கென்றே வாசலில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். "வாடி வென்ன, துவே" என்று என்னைப் பார்த்து, மகளை உட்காரச் சொல்லுகிற அன்போடு சொல்லுவார். ஆனால் அந்தப் பெட்டி என் உயரத்துக்கு அதிகம். அதில் உட்காருவது அப்பாதான். நான் போத்தல்களில் உள்ள இனிப்புகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். கடைக்கு மேலே இன்னும் மூன்று இடங்கள். கையை வீசி நடக்கிற ஆளுக்கு முக்கால் மணிநேரம் போதும் அந்த ரோட்டுக்கு. எங்களுக்கு இரண்டு மணிநேரம் சரியாக இருக்கும்.

ஆபீசில் பெரிய கிளாக்கர் ஐயா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்ப்பார். அப்பா என் தோளில் கை வைத்தபடி, பிள்ளைக்குக் கால் பலமில்லைங்க, அதான் சுணங்கிப்போச்சு என்பார். கிளாக்கர் ஐயா பையை வாங்கிக்கொள்வார். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கை என் தோளை மெல்ல அழுத்தியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பொய்யை ஒருமுறை ஆபீசில் சொல்லிவிட்டால் அது தோட்டம் முழுக்கச் சொந்தமாகிவிடும். பக்கத்துக் காம்பராப் பெண்கள் என் கால்களுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார்கள். அம்மா எப்போதாவது ஆட்டுக்கால் சூப் வைத்தாள். அதில் எனக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி. கால் பலமாக இருந்த குற்றத்துக்காகத் தம்பிக்கு ஒன்றுமில்லை. தோட்டத்து மருந்துக்காரரை நாங்கள் டாக்டரையா என்போம். அவரிடமும் என்னைக் கொண்டுபோனார்கள். அவர் முழங்காலில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். என் கால் எகிறிப்போய் அவர் மேசையை உதைத்தது. அவர் காலைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு மீனெண்ணெய் எழுதிக் கொடுத்தார். இவருக்கு வைத்தியம் தெரியாது என்று நான் அன்றே முடிவு செய்தேன்.

ஒன்பதாவது வயதில்தான் இந்த வியாதி என்னைத் தாக்கியது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். இடைவேளையில் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் போட்டிக்கு நூறு யார் தூர ஓட்டத்தில் என் பெயரை எழுதினார். ஐந்து நாள் நான் சோறு தின்றது, தூங்கினது எல்லாம் அந்த ஓட்டத்தைத்தான். ஆறாம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, என் தலையைத் தடவி, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கிளாக்கர் ஐயாவின் மகள் என் வகுப்புத்தான். என் கால் விஷயத்தை அவள் நல்ல மனதோடு போய்ச் சொல்லியிருக்கிறாள். மீனெண்ணெய் வரைக்கும் விபரமாகச் சொல்லியிருக்கிறாள். ஓட்டம் வேண்டாம், முடிகிற இடத்தில் ரிப்பன் பிடிக்கிற வேலையை உனக்குத் தருகிறேன் என்றார் டீச்சர். அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தவரைப்போல என் முகத்தைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் அப்பாவோடு ஏறும்போது நான் நாலடி முன்னாலேயே நடந்தேன். மதகில் அவர், கால் வலிக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கராம்பு மரத்தடியில் கேட்டார். சொல்லவில்லை. பாறைக்கு வந்து, தபால் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி அவர் ஊதத் தொடங்கினார். நான் பையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் 'பா' மட்டும் வந்தது. மற்றது வரவில்லை. ஒருமுறை கூப்பிட்டு விட்டுவிட்டாரே, அப்படியானால் கோபமில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியை இழுத்துப்போட வெளியே வந்த முதலாளி என் பின்னால் ஆள் இல்லாததைக் கண்டு ஏதோ கேட்டார். நான் நிற்கவில்லை. அன்றைக்கு அந்த ஏற்றம் எனக்கு ஏற்றமாகவே இல்லை.

ஆபீசுக்குள் நான் நுழைந்தபோது கடிகாரத்தில் இரண்டு மணி ஆகவில்லை. பையைக் கிளாக்கர் ஐயாவின் மேசைமேல் வைத்தேன். அவர் அங்கே தனியாக இருக்கவில்லை. துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை ஜன்னலோரமாக நின்று ஏதோ கடதாசி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"அப்பா எங்க?" என்றார் கிளாக்கர் ஐயா.

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "பின்னுக்கு வர்றாருங்க. எனக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. அவருதான் ஒவ்வொரு வளைவுலயும் உக்காருவாரு."

சின்னத்துரை கடதாசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

கிளாக்கர் ஐயா எழுந்தார். அதுவரை அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பொய் சொல்றியா?" என்று மேசையைத் தட்டினார். "டாக்டரையா ஒன்னய ஓடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. காலுக்கு மருந்து குடிக்கிற புள்ள, அப்பன் பேச்சைக் கேக்காம ஓடிவந்துட்டு, அப்பன்மேல பழி போடுறியா? போ, போய் வெளிய நில்லு." பிறகு சின்னத்துரையிடம் இங்கிலீஷில் சிரித்தபடி என்னவோ சொன்னார். 'லெக்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. சின்னத்துரை ம்ம் என்று மறுபடி கடதாசிக்குள் போய்விட்டார்.

வெளியே குரோட்டன் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று நான் அழுதேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒரு உண்மையைப் பெரிய இடத்தில் சொன்னேன். அதற்குப் பொய்க்காரி என்ற பட்டம் கிடைத்தது. அந்த மனிதரை அதற்குப்பிறகு பல வருஷம் நான் மன்னிக்கவில்லை. கோவில் திருவிழாவில் அவர் கையால் கொடுத்த பொங்கலைக்கூட வாங்கமாட்டேன் என்று ஒருமுறை திரும்பிக்கொண்டேன்.

அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் வந்தார். என்னைப் பிடிக்க வேண்டும் என்று எங்கும் உட்காராமல் நடந்திருக்கிறார். கடையைத் தாண்டி ஐம்பதடிகூடப் போகமுடியவில்லை. ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானோரம் சாய்ந்து கிடந்தவரை முதலாளி கண்டு, கீழே இருந்து வந்த லொறியை மறித்து ஏற்றிவிட்டிருக்கிறார். லொறிக்காரர் அவரை ஆபீசுக்கு முன்னால் இறக்காமல் நேரே லயத்தடிக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பாவின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டாதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு வார்த்தை பேசுவதற்கே அவரிடம் மூச்சு இல்லை என்பதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

கொழுந்து பறித்துவிட்டு அம்மா மலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் கூடையைக்கூட இறக்காமல் என் முதுகில் ஒன்று வைத்தாள். "யார் வாயில மண்ண போட்டுட்டு வந்திருக்க தெரியுமாடி" என்று இரண்டாவதற்குக் கையை ஓங்கினாள். திண்டில் சாய்ந்திருந்த அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு ரிப்பன் பிடிக்கிற வேலை தந்ததையும், ஓட்டத்திலிருந்து பெயரை வெட்டியதையும் அழுதுகொண்டே சொன்னேன். அதுவரை அது அவர்களுக்குத் தெரியாது. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்பா என் காலைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, கெண்டைக்காலை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார், சந்தையில் ஆடு பார்க்கிறவரைப்போல.

"நல்ல காலு," என்றார். கொஞ்சநேரம் ஊதினார். "நல்லாத்தான்... இருக்கு."

இரண்டு நாள் அவர் திண்டிலேயே சாய்ந்து கிடந்தார். வேறொருவர் தபால் எடுத்தார். மூன்றாம் நாள் அவர் என்னோடு இறங்கினார். பள்ளிக்கூட வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றார். வராந்தாத் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேசினார். நான் ஜன்னல் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

"புள்ள காலுல ஒரு குத்தமும் இல்லங்க டீச்சர். நாந்தான் அப்புடிச் சொல்லி வச்சிருந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று டீச்சர் கேட்டார். அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் உள்ளே திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, ரிப்பன் பிடிக்க வேறு பிள்ளையைத் தேடினார். நான் ஆபீஸ் வரைக்கும் ஓடிக்காட்டியதால்தான் எல்லாரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்து எனக்கு ஒரே பெருமை.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் சனம் வந்திருந்தது. அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில், கூட்டத்துக்குத் தள்ளி, தூசி வராத பக்கமாக உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவள் விசில் ஊதுமுன்பே கிளம்பினாள் என்பதை இன்றைக்கும் நான் சத்தியம் செய்து சொல்வேன். பரிசாக எனக்கு ஒரு எனாமல் கோப்பை. பெயரை வாசித்தபோது எங்கள் லயத்துப் பெண்கள் முதலில் கைதட்டினார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கிளாக்கர் ஐயாவின் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அப்பா மட்டும் கைதட்டவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்காட்டினார். அது அவருக்கு எவ்வளவு மூச்சுச் செலவு என்று யார் அறிவார்.

திரும்பும்போது எல்லா இடத்திலும் வழக்கம்போல நின்றோம். ஆனால் கால் வலிக்கிறதா என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. வெறுமனே உட்கார்ந்தார், ஊதினார், எழுந்தார். பரிசு வாங்கிய கால்களுக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்து, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் உண்மையில் நடந்தது என்ன என்பதை, அப்பா இறந்து, எனக்கும் கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளை பிறந்தபிறகுதான் அம்மா சொன்னாள். டீச்சரைப் பார்த்த அன்று சாயந்தரமே அப்பா கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவும் கூடப் போயிருக்கிறாள். கிளாக்கர் ஐயாவுக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும். டாக்டரையாவுக்கும் தெரியும், கடை முதலாளிக்கும் தெரியும். வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் வேலையிலிருந்து பேர் வெட்டுவார்கள் என்பதால் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவை இரண்டு வருஷம் தாங்கியிருக்கிறார்கள். சின்னத்துரை முன்னால் கிளாக்கர் ஐயா சொன்ன பொய்யும் அதற்குத்தான். நான் பரிசு வாங்கினால் அந்தப் பொய் கிளாக்கர் ஐயாவின் கழுத்துக்கு வரும். அதனால் தானே பையை ஒப்படைத்துவிடுவதாகவும், துரை கேட்டால் ஆபீசையும் தானே ஏமாற்றியதாகச் சொல்லிவிடுவதாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். கிளாக்கர் ஐயாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூட ஓட்டம்தானே, பிள்ளையை ஓடாமல் நிறுத்திவிட்டால் எல்லாம் முன்னைப்போல இருக்குமே என்றிருக்கிறார்.

"ரெண்டு வருசம் நிறுத்தி வச்சிட்டேன்ங்க," என்றாராம் அப்பா. "போதும்."

போட்டி முடிந்ததும் அவர் பையை ஒப்படைத்தார்; ஆட்களின் பேர்ப்பதிவான செக்ரோலில் அவர் பேர் வெட்டப்பட்டது. அம்மாவின் பேர் இருந்ததால் காம்பரா தப்பியது. அம்மா அதற்குப்பிறகு ஒரு நாளும் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை, காய்ச்சலிலும் போனாள். அப்பா இன்னும் ஐந்து வருஷம் அந்தத் திண்டில் சாய்ந்தபடி, லயத்துச் சனங்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக்கொடுத்துக்கொண்டு இருந்தார்.

போட்டி முடிந்து வந்த அந்தத் திங்கட்கிழமை காலை நன்றாக நினைவிருக்கிறது. நான் தலைசீவி, புத்தகங்களை எடுத்துக்கொண்டு, அப்பா கிளம்பட்டும் என்று வாசலில் நின்றேன். அவர் எழும்பவில்லை. நீ இப்போது பெரிய பிள்ளை, இனி மற்றப் பிள்ளைகளோடு குறுக்குப் பாதையில் போ என்றார். இரண்டு வருஷமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தது அதற்குத்தான். கோப்பை வாங்கியதற்கு அப்பா கொடுக்கிற பரிசு என்றே எடுத்துக்கொண்டேன். "நெசமாவா?" என்று கேட்டேன். நிஜமாகத்தான் என்று தலையாட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தம்பிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கிருந்த சந்தோஷத்தில் அவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட மறந்துவிட்டு, முன்னால் போன பிள்ளைகளைப் பிடிக்க இறக்கத்தில் ஓடினேன். அவர்களைப் பிடித்ததும் முதலில் சொன்னது, இனி நான் அப்பாவுக்காக நிற்க வேண்டியதில்லை என்பதைத்தான்.